பேக்மார்க் என்றால் தயாரிப்பாளர் முத்திரையா?

பழைய சீருடைப் பொத்தான்களைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் 'பேக்மார்க்' என்பதைத் 'தயாரிப்பாளர் முத்திரை' என்றே எழுதுகிறார்கள். படித்துப் படித்து அலுத்துவிட்டது, அதனால்தான் இது.

சொல்லில் பெரிய மர்மம் இல்லை. பேக் பின்பக்கம், மார்க் குறி. உலோகப் பொத்தானின் பின்னால், நூல் கோக்கும் வளையத்தைச் சுற்றி வட்டமாக ஓடும் எழுத்துக்குச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர். (பொத்தானே போர்த்துகீசியச் சொல்தான். யாழ்ப்பாணத்தில் தெறி என்பார்கள், நல்ல சொல், இங்கே யாரும் சீண்டவில்லை.)

முன்பக்கம் பார்த்தால் அணிந்தவர் யார் என்று தெரியும். பிரிட்டிஷ் காலாட்படை 1767 முதல் படைப்பிரிவின் எண்ணைப் பொத்தானில் போட்டது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால அதிகாரியின் பொத்தானில் கழுகின் மார்புக் கேடயத்தில் 'ஐ' இருந்தால் காலாட்படை, 'சி' குதிரைப்படை, 'ஏ' பீரங்கிப்படை. எந்தக் காலத்துப் பொத்தான் என்று அறியப் பெரும்பாலும் பின்பக்கம்தான் துணை: அமெரிக்காவின் வாட்டர்பரி நகரத்து ஸ்கோவில் நிறுவனத்தின் பொத்தானில் 'ஸ்கோவில்ஸ் அண்ட் கோ' என்றிருந்தால் 1850க்கு முந்தியது, 'ஸ்கோவில் எம்.எஃப்.ஜி. கோ' என்றிருந்தால் பிந்தியது.

சரி, தகராறுக்கு வருவோம். 'டிரெபிள் கில்ட்', 'எக்ஸ்ட்ரா குவாலிட்டி' என்று மட்டும் பின்னால் போட்ட பொத்தான்கள் ஏராளம், யார் பெயரும் இருக்காது. மும்மடங்கு தங்கப்பூச்சு என்பவர் எந்தத் தயாரிப்பாளர்? சிலவற்றில் சீருடை தைத்துக் கொடுத்த லண்டன் தையற்கடையின் பெயர் இருக்கும், பொத்தானை அடித்தது பர்மிங்காமில் வேறு ஒரு பட்டறை. 'தயாரிப்பாளர்' என்று எழுதியதும் தையல்காரரைப் பட்டறை முதலாளி ஆக்கியாயிற்று. 'முத்திரை' அதைவிட மோசம். முத்திரை குத்த ஒரு அதிகாரம் வேண்டும், தபால் முத்திரை, நகையில் ஹால்மார்க் முத்திரை மாதிரி. 'எக்ஸ்ட்ரா குவாலிட்டி' விற்பவர் தன் சரக்கைத் தானே மெச்சிக்கொண்டது, அதற்குப் போய் முத்திரையா?

'பின்குறி' என்று ஒரு தரப்பு சொல்கிறது. பின்குறிப்பு என்று படித்துவிட்டுக் கடிதத்தின் கடைசி வரியைத் தேடுவார்கள். தவிர, குறிக்குத் தமிழில் இன்னொரு பொருளும் உண்டு, முன்னால் 'பின்' வேறு சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

என் ஓட்டு 'பின்பொறிப்பு'. கல்வெட்டுக்காரர்களும் நாணயக்காரர்களும் எழுத்தைப் பொறிப்பு என்றுதான் சொல்கிறார்கள், சேரன் இமயத்தில் வில் பொறித்த நாளிலிருந்து வழங்கும் சொல். பெயரோ முகவரியோ தரமோ, எழுத்து மேடோ பள்ளமோ, எல்லாவற்றுக்கும் பொருந்தும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத்தான் புரட்டுகிறார்கள், பொத்தானைப் புரட்டுவதில்லை. பட்டறையின் பெயர் உறுதியாகத் தெரிந்தால் அதைத் தனியாக எழுதட்டுமே: 'பின்பொறிப்பு: டிரெபிள் கில்ட். தயாரிப்பு: ஃபர்மின், லண்டன்.'