நெரிசலுக்கு விலை சொன்ன வில்லியம் விக்ரி

நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 60ஆம் தெருவுக்குத் தெற்கே காரில் நுழைய, 2025 ஜனவரி 5 முதல் 9 டாலர் கட்ட வேண்டும். இந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ‘வேலைக்குப் போகிறவர் எப்படியும் போய்த்தான் ஆகவேண்டும். காசு வாங்கினால் ரோடு அகலமாகிவிடுமா? நெரிசலில் நிற்கிறவரிடம் பணத்தையும் பிடுங்குவது என்ன நியாயம்?’

நல்ல கேள்வி. இதற்கு என்னால் சொல்ல முடிந்த ஆகச்சிறந்த பதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அரை நூற்றாண்டு பாடம் நடத்திய போக்குவரத்துப் பொருளாதார அறிஞர் வில்லியம் விக்ரியுடையது. 1914இல் கனடாவின் விக்டோரியா நகரில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தார். போரை எதிர்க்கும் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர் என்பதால் இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தார். ஏலங்களைப் பற்றி 1961இல் அவர் எழுதிய கட்டுரைதான் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. ஆனால் அவர் மனம் திரும்பத் திரும்பப் போன இடம் ரயில், பஸ், ரோடு. 1950களின் தொடக்கத்திலேயே, நியூயார்க் சுரங்க ரயிலில் எந்த நேரத்தில் ஏறினாலும் எவ்வளவு தூரம் போனாலும் ஒரே கட்டணம் என்பதை மாற்றி, கூட்ட நேரத்தில் கூடுதலாகவும் மற்ற நேரத்தில் குறைவாகவும் வாங்கலாம் என்று மாநகரத்துக்கு அறிக்கை கொடுத்தார். அரசியல்வாதிகள் யாரும் அதைத் தொடத் துணியவில்லை.

வாசகர் கேள்விக்கான விடை அவர் 1969இல் வெளியிட்ட கட்டுரையில் இருக்கிறது. பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும். என் எண்களை வைத்து, ரூபாயிலேயே போட்டுக் காட்டுகிறேன்.

ஒரு பாலம். நிமிஷத்துக்கு 60 கார்கள்தான் கடக்கலாம். 3,600 பேர் கடக்க வேண்டும். அத்தனை பேருக்கும் 9 மணிக்கு ஆபீஸ், பாலத்தைத் தாண்டியதும் ஆபீஸ். எல்லாரும் கடந்து முடிய ஒரு மணி நேரம் ஆகும் என்பதால், சிலர் சீக்கிரம் போய்ச் சேர்வார்கள், சிலருக்குத் தாமதமாகும். அதை யாராலும் தவிர்க்க முடியாது. இனி ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு மதிப்பு வைப்போம். பாலத்தின் முன்னால் வரிசையில் நிற்கும் நிமிஷம் 2 ரூபாய் இழப்பு. ஆபீசுக்கு முன்னதாகப் போய்ச் சும்மா உட்காரும் நிமிஷம் 1 ரூபாய். தாமதமாகும் நிமிஷம் 4 ரூபாய்.

யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொண்டு கிளம்புவதில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட நேரத்தில் போனால் இழப்பு குறைவு என்று தெரிந்தால், மறுநாள் நாலு பேர் அந்த நேரத்துக்கு மாறுவார்கள். அங்கே வரிசை நீளும். இப்படி மாறி மாறி, எந்த நேரத்தில் போனாலும் இழப்பு ஒன்றுதான் என்ற நிலையில் வந்து நிற்கும். முதல் கார் 8:12க்குக் கடக்கும். வரிசையே இருக்காது, ஆனால் 48 நிமிஷம் முன்னதாகப் போய்விட்டார்: இழப்பு 48 ரூபாய். கடைசிக் கார் 9:12க்கு. அவருக்கும் வரிசை இல்லை. 12 நிமிஷத் தாமதம், நிமிஷத்துக்கு 4 ரூபாய் வீதம் அதே 48. சரியாக 9 மணிக்குப் போய்ச் சேர்கிறவர் கொடுத்து வைத்தவர் என்று தோன்றும். அவர் 8:36க்கே வரிசையில் சேர்ந்து 24 நிமிஷம் நின்றிருப்பார். அவருக்கும் 48 ரூபாய்தான். எல்லாருக்கும் சராசரி போட்டால் ஆளுக்கு 12 நிமிஷக் காத்திருப்பு. மொத்தம் 720 மணி நேரம், ஒவ்வொரு காலையும்.

இப்போது விக்ரியின் கட்டணம் வருகிறது. 8:12க்கு பூஜ்யம். அங்கிருந்து நிமிஷத்துக்கு ஒரு ரூபாய் ஏறி, 9 மணிக்கு 48 ரூபாய். பிறகு நிமிஷத்துக்கு 4 ரூபாயாக இறங்கி 9:12க்கு மறுபடி பூஜ்யம். 8:42க்குப் பாலத்தைக் கடக்கும் ஒருவரை மட்டும் கூர்ந்து பாருங்கள். கட்டணம் இல்லாத நாளில் அவர் 8:27க்கே வரிசையில் சேர்ந்து 15 நிமிஷம் நின்றார். நின்றதால் 30 ரூபாய், 18 நிமிஷம் முன்னதாகப் போனதால் 18 ரூபாய், ஆக 48. கட்டணம் வந்த பிறகு, 8:42க்குக் கடக்க அவர் கட்டுவது 30 ரூபாய். முன்னதாகப் போனதன் இழப்பு அதே 18. மொத்தம் அதே 48. ஆனால் அவர் 8:42க்குத்தான் பாலத்துக்கே வருகிறார்! அந்தக் கால் மணி நேரம் வீட்டில் இருந்தார், ஆபீசுக்கு அதே நேரத்தில் போய்ச் சேர்ந்தார்.

எனக்கு அலுக்காத இடம் இதுதான். பாலம் ஓர் அங்குலம்கூட அகலமாகவில்லை. ஒருவர்கூடக் காரை விட்டுவிட்டு ரயிலில் ஏறவில்லை. கடக்கும் நேரமும் மாறவில்லை. வரிசை மட்டும் இல்லாமல் போய்விட்டது. முன்பு புகையோடு புகையாகப் போன 86,400 ரூபாய் மதிப்புள்ள நேரம், இப்போது அதே 86,400 ரூபாயாகப் பொதுக் கணக்கில் இருக்கிறது. நெரிசலும் ஒரு கட்டணம்தான், ஆனால் அது யார் கைக்கும் போய்ச் சேராத கட்டணம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை.

நிஜத்தில் எல்லாருக்கும் நிமிஷத்தின் மதிப்பு ஒன்றல்ல. கையில் காசு குறைந்தவருக்கு 48 ரூபாயைவிட 24 நிமிஷம் நிற்பதே மேல் என்று இருக்கலாம். ஷிஃப்டை மாற்ற முடியாதவருக்கு வேறு வழியே இல்லை. அதனால் வசூலான பணம் எங்கே போகிறது என்பதில்தான் நியாயமே இருக்கிறது. அது பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் போகாவிட்டால் வாசகரின் கோபம் முழுக்கச் சரி. விக்ரி இன்னும் ஒரு படி மேலே போய், ரயில் வந்ததால் விலை ஏறும் நிலத்துக்கு வரி போட்டு, அந்தப் பணத்தில் ரயில் கட்டணத்தைக் குறைக்கலாம் என்று வாதாடியவர்.

வாஷிங்டனுக்காக 1959இல் அவர் சொன்ன யோசனை இன்னும் துணிச்சலானது: ஒவ்வொரு காரிலும் ஒரு சின்ன மின்னணுக் கருவி, அதைப் படிக்கும் கருவிகள் சாலைச் சந்திப்புகளில், மாதக் கடைசியில் பில். நடக்காத காரியம் என்றார்கள். அவர் தன் காரிலேயே ஒரு ரேடியோ டிரான்ஸ்மிட்டரைப் பொருத்தி நடத்திக் காட்டினார். பக்கம் பக்கமாகச் சமன்பாடு எழுதத் தெரிந்தவர், சால்டரிங் கம்பியையும் கையில் எடுத்தார் என்பதில் எனக்குத் தனி மரியாதை.

ஒரு மேம்பாலத்துக்குக் கோடிக்கணக்கில் ஒதுக்கும் அரசுகள், ஜனங்கள் எந்த நேரத்தில் ஏன் கிளம்புகிறார்கள் என்று ஆராய்வதற்குப் பணம் இல்லை என்று கைவிரிப்பதைப் பார்க்கும்போது ஆத்திரமாக வருகிறது. இன்னொரு பாலம் கட்டினால் நெரிசல் தீர்ந்துவிடும் என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான்.

முதலில் துணிந்தது சிங்கப்பூர். 1975இல் காகித உரிமம் ஒட்டி, காலையில் மையப் பகுதிக்குள் நுழைய 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கினார்கள். 1998இல் அது மின்னணு முறையானது. சாலையின் வேகத்தை அளந்து, அதற்கேற்பக் கட்டணத்தை ஏற்றி இறக்கினார்கள். லண்டன் 2003இல் தொடங்கியது. ஸ்டாக்ஹோம் 2006இல் சோதனையாகச் செய்தபோது நகர மையத்தைச் சுற்றியுள்ள கட்டண எல்லையைக் கடக்கும் போக்குவரத்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. முதலில் எதிர்த்த நகரவாசிகளே பிறகு வாக்கெடுப்பில் அதை ஆதரித்தார்கள்.

விக்ரி இதில் முதல் படியைத்தான் பார்த்தார். 1996 அக்டோபர் 8ஆம் தேதி பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் மிர்லீசோடு சேர்த்து அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு அறிவித்தார்கள். மூன்றே நாளில், ஒரு மாநாட்டுக்குக் காரோட்டிக்கொண்டு போகும் வழியில் மாரடைப்பால் இறந்தார். வயது 82. ஸ்டாக்ஹோமுக்குப் போய்ப் பரிசை அவர் சார்பில் வேறொருவர்தான் வாங்க வேண்டியிருந்தது.

அவர் பாடம் நடத்திய நியூயார்க் இப்போது வாங்கும் 9 டாலர், அவருடைய யோசனையில் பாதியைத்தான் நிறைவேற்றுகிறது. வார நாட்களில் காலை 5 மணியிலிருந்து இரவு 9 வரை ஒரே கட்டணம். இது காரை விட்டுவிட்டு ரயிலுக்குப் போகச் சிலரைத் தூண்டும். அந்தப் பணமும் ரயிலைச் சீர்செய்யத்தான் போகிறது, அது நல்லதே. ஆனால் 9 மணிக்குப் போகிறவர் 8 மணிக்குப் போனால் ஒரு சென்ட்கூட மிச்சமில்லை. கட்டணம் நேரத்தோடு ஏறி இறங்கினால்தான், போகிறவர்கள் எல்லாரும் போயும் வரிசை கரையும்.