சத்து வேறு, ஊக்கி வேறு

போன மாதம் பெங்களூரு அல்சூரில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தை ஒரு சின்ன டப்பாவோடு வந்தார். ரோஜாக் குச்சி நடுவதற்காக லால்பாக் பக்கம் வாங்கிய, குச்சியை வேர்விடச் செய்யும் பவுடர். “இதுல என்ன சத்து தம்பி இருக்கு? ரெண்டு ஸ்பூன் போடலாமா?” என்று கேட்டார்.

அதில் சத்து எதுவும் இல்லை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்தெல்லாம் உரத்தின் வேலை. இது ஊக்கி. ஊக்குதல் என்றால் தூண்டிவிடுதல். சோறு போடுவது உரம் என்றால், “எழுந்திரு, வேலையைப் பார்” என்று சொல்வது ஊக்கி. தமிழில் இவ்வளவு தெளிவாக ஒரு சொல் இருப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

செடியே தனக்கான ஊக்கியைச் செய்துகொள்கிறது. அதன் பெயர் ஆக்சின். ‘வளர்’ என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பிரிட்ஸ் வென்ட் என்ற டச்சு விஞ்ஞானி ஓட்ஸ் நாற்றின் நுனிகளை வெட்டி அகர் என்ற கடற்பாசிக் கூழ்மேல் வைத்தார். அப்புறம் அந்தக் கூழில் ஒரு துண்டை நுனியில்லாத நாற்றின் ஒரு பக்கத்தில் வைத்தார். அந்தப் பக்கம் மட்டும் நீண்டு, நாற்று மறுபக்கமாக வளைந்தது! நுனியிலிருந்து ஏதோ ஒரு பொருள் இறங்குகிறது என்பதை 1928-இல் இப்படி நிறுவினார். ஆக்சின் பட்டதும் செல்லின் சுவரில் அமிலத்தன்மை கூடி, சுவர் இளகுகிறது. உள்ளே இருக்கும் நீரின் அழுத்தத்தில் செல் நீள்கிறது.

குச்சியை வெட்டினால், மேலிருந்து இறங்கும் ஆக்சின் அடிப்பகுதியில் வந்து தேங்கும். அங்குள்ள செல்கள் பிரிந்து பெருகி வேராக மாறுகின்றன. பவுடரில் பெரும்பாலும் இருப்பது ஆக்சின் வகையைச் சேர்ந்த இண்டோல் பியூட்டிரிக் அமிலம். இளந்தண்டுக்கான பவுடரில் 0.1 சதவீதம் இருந்தாலே போதும். அளவு கூடினால் வேர் வளர்வது தடைப்படும். 2,4-டி என்ற களைக்கொல்லியும் ஒரு செயற்கை ஆக்சின்தான். அதனால் ஸ்பூன் கணக்கு வேண்டாம். குச்சியின் அடியைத் தொட்டு, தட்டி உதறிவிட்டு நட்டால் சரி.

இதே ஆக்சின் துளசியின் பக்க மொட்டுகளை அடக்கியும் வைக்கிறது. நுனியைக் கிள்ளினால் செடி புதராகக் கிளைப்பது அதனால்தான்.

நேற்று அத்தை குச்சியில் துளிர் வந்ததைக் காட்டினார். அதை வைத்து வேர் வந்துவிட்டது என்று சொல்ல முடியாது; தண்டில் இருக்கும் சேமிப்பை வைத்தே துளிர் வந்துவிடும். இன்னும் இரண்டு வாரம் கழித்து லேசாக இழுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். வராமல் பிடித்துக்கொண்டால் வேர் விட்டிருக்கிறது.