சொல் விளக்கம்: அப்ஸ்டினன்ஸ்

லத்தீனில் ‘டெனேரே’ என்றால் பிடித்திருத்தல். முன்னால் ‘அப்ஸ்’ சேர்ந்தால் தள்ளிப் பிடித்திருத்தல், கிட்டே விடாமல் இருத்தல். அப்ஸ்டினன்ஸ் என்ற ஆங்கிலச் சொல் அங்கிருந்து வந்தது. கத்தோலிக்கர் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தொடாமல் இருப்பதற்கும் இதே பெயர்தான். தமிழ்நாட்டுக் கத்தோலிக்கக் கோயில்களில் அதைச் ‘சுத்தபோசனம்’ என்பார்கள். ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி வேறு, இது வேறு.

இதே சொல் வகுப்பறையிலும் வருகிறது; அந்த விஷயத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு நலத்திட்டச் சீர்திருத்தச் சட்டம், ‘திருமணம் வரை பாலுறவு வேண்டாம்’ என்று கற்பிக்கும் வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது. இந்தக் கல்வியைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘விலக்கு’ என்றால் மதுவிலக்கு மாதிரி, வெளியிலிருந்து போடும் தடை. பெண்பிள்ளைகள் காதில் அது மாதவிலக்கு என்றுதான் விழும். ‘பிரம்மச்சரியம்’ என்றால் காவி வாடை. ‘புலனடக்கம்’ அழகான சொல்தான், ஆனால் மனசுக்குள் நடப்பதை யார் கணக்கெடுப்பது?

கணக்கெடுக்க வேண்டியிருக்கிறதே! அரசுக்காக மேத்தமேட்டிகா என்ற ஆய்வு நிறுவனம் இப்படிப்பட்ட 4 திட்டங்களை எடுத்துக்கொண்டது. 2,000 பேருக்குச் சற்று அதிகமான பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை மட்டும் வகுப்புக்கு அனுப்பியது. சில ஆண்டுகள் கழித்துக் கேட்டது: உறவு கொண்டதுண்டா, எந்த வயதில், எத்தனை பேருடன்? 2007இல் முடிவு வந்தது. இரு பக்கமும் ஏறக்குறைய பாதிப் பேர் உறவு கொண்டிருக்கவில்லை. கொண்டவர்களின் முதல் உறவு வயது, சராசரியாக, இரு பக்கமும் 14.9. வகுப்பால் ஒரு மாற்றமும் இல்லை.

2010இல் வெளியான இன்னொரு ஆய்வு, 6, 7ஆம் வகுப்புக் கறுப்பினப் பிள்ளைகளிடம் நடந்தது. அந்த வகுப்பு திருமணத்தை இழுக்கவில்லை; தயாராகும் வரை தள்ளிப்போடு என்றது, அவ்வளவுதான். 2 ஆண்டுகளுக்குள் அந்த வகுப்புக்குப் போனவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் உறவு கொண்டிருந்தார்கள். பொதுவான உடல்நலப் பாடம் கேட்டவர்களில் கிட்டத்தட்டப் பாதி.

ஆக, எதைத் தள்ளுவது என்பது ஒன்று, எதுவரை என்பது வேறொன்று. அதனால்தான் என் ஓட்டு ‘தவிர்ப்பு’க்கு. டாக்டர் “உப்பைத் தவிருங்க” என்கிறார். எத்தனை நாள் என்பதைத் தனியாகச் சொல்கிறார். செய்தானா இல்லையா என்று கேட்டுக் கணக்கெடுக்கவும் முடியும். சரி, ‘பாலுறவுத் தவிர்ப்புக் கல்வி’ என்றே எழுதலாம். ‘அப்ஸ்டினன்ஸ் ஒன்லி’ என்று வந்தால் ‘மட்டும்’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள்: ஆணுறையை ஒரு பாதுகாப்பாகச் சொல்லித்தராத வகுப்பு என்பதை அந்த ஒரு சொல்தான் காட்டுகிறது.