ஓட்டத்தை உணரும் ரத்தக் குழாய்

வாசகி ஒருவர் எழுதியிருந்தார். மாமனாருக்கு 48 வயதிலேயே பைபாஸ் செய்தார்களாம். மகனுக்கு இப்போது 9 வயது. “இவனுக்காக இப்போதிருந்தே ஏதாவது செய்யணுமா? வாட்ஸ்அப்பில் இஞ்சி, பூண்டு, எலுமிச்சை, வினிகர், தேன் கலந்த சாறு ஒன்று சுற்றி வருகிறதே, அடைப்பைக் கரைக்கும் என்கிறார்கள். வீட்டில் எல்லோரும் குடிக்கலாமா?” என்று கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில், ஆமாம், செய்யணும். இரண்டாவதற்கு, அந்தச் சாறு எந்த அடைப்பையும் கரைக்காது. இரண்டு பதிலும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன. அதனால் அந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

மாரடைப்பு என்றதும், தண்ணீர்க் குழாயின் உள்ளே உப்பு படிந்து அடைத்துக்கொள்கிற காட்சிதான் நமக்குத் தோன்றும். உடம்பில் நடப்பது வேறு. கொழுப்பு ரத்தக் குழாயின் உள்பரப்பில் படிவதில்லை, சுவருக்குள்ளே புகுந்து தங்குகிறது. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்டிஎல் துகள்கள் சுவரில் சிக்கிக்கொள்ளும். அவற்றை விழுங்க வெள்ளணுக்கள் உள்ளே போகும். விழுங்கி விழுங்கி உப்பி, அங்கேயே தேங்கும். மஞ்சள் கோடுகளாகத் தொடங்கும் இந்தத் தேக்கம் பெருந்தமனியில் குழந்தைப் பருவத்திலேயே தென்படுவதுண்டு. கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களைப் பரிசோதித்து 1953இல் ஓர் அறிக்கை வந்தது. அவர்களின் சராசரி வயது 22. நான்கில் மூன்று பேருக்கும் மேல் இதயத் தமனிகளில் நோயின் அடையாளம் கண்ணுக்குத் தெரிந்தது. 22 வயதில் தெரிகிறது என்றால் தொடக்கம் அதற்கு எவ்வளவோ முன்னால்.

சுவருக்குள், உயிருள்ள ஒரு செல் அடுக்குக்கு அடியில் இருக்கும் அந்தக் கொழுப்பை, வயிற்றில் செரித்துப்போகும் இஞ்சிச் சாறு எப்படிப் போய்க் கரைக்கும்? ரசத்தில் பூண்டும் இஞ்சியும் தாராளமாகப் போடுங்கள். ஆனால் இந்தச் சாற்றை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதை நினைத்தால்தான் எனக்குக் கோபமும் கவலையும் வருகிறது.

இப்போது அந்தச் செல் அடுக்கு. எண்டோதீலியம் என்று பெயர். ஒரே ஒரு செல் தடிமன்தான், ஆனால் உடம்பிலுள்ள ரத்தக் குழாய் அத்தனையிலும் உண்டு. ரொம்ப நாளாக அதை வெறும் உள்ளுறை என்றே நினைத்திருந்தார்கள். அதை மாற்றியவர் நியூயார்க்கின் புரூக்ளினில் வேலை செய்த ராபர்ட் ஃபர்ச்காட். அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை உயிருள்ள விலங்குக்குச் செலுத்தினால் ரத்தக் குழாய் விரியும். வெட்டியெடுத்த முயல் தமனித் துண்டின் மேல் விட்டாலோ சுருங்கும். இந்த முரண் அவரை வருடக்கணக்கில் குழப்பியது. கடைசியில் காரணம் பிடிபட்டது: துண்டைத் தயாரிக்கும்போது உள்பக்கம் உரசி, அந்த மெல்லிய அடுக்கு உரிந்துபோயிருந்தது. உரசாமல் எடுத்த துண்டு அழகாக விரிந்தது. அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. அடுக்கு உரிந்த துண்டு ஒன்று, அடுக்கு உள்ள துண்டு ஒன்று. இரண்டின் உள்பக்கங்களையும் எதிரெதிராக ஒட்டி வைத்து அசிட்டைல்கோலினை விட்டார். உரிந்த துண்டும் தளர்ந்தது! அப்படியென்றால் அந்த அடுக்கிலிருந்து ஏதோ ஒன்று சுரந்து பக்கத்துத் துண்டுக்குப் போயிருக்கிறது. 1980இல் இதை வெளியிட்டார். சில ஆண்டுகளில் அந்த ‘ஏதோ ஒன்று’ நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்று தெரிந்தது. 1998இல் லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராட் இருவருடன் சேர்த்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வாயு சில விநாடிதான் நிலைக்கும். அதற்குள் தமனித் தசையைத் தளர்த்திவிடும். ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதையும், வெள்ளணுக்கள் சுவரில் பற்றுவதையும் தடுக்கும். சரி, எண்டோதீலியத்தை இதைச் சுரக்கச் சொல்வது எது? மருந்தெல்லாம் வேண்டாம், ரத்த ஓட்டமே போதும். ரத்தம் வேகமாகப் போகும்போது இந்தச் செல்களின் மேல் உராய்கிறது. செல்கள் அந்த உராய்வை உணர்ந்து, நொதி ஒன்றை முடுக்கி, ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கின்றன. தமனி நேராகப் போகும் இடங்களில் இந்தச் செல்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டு, வரிசையாகப் படுத்திருக்கும். தமனி கிளை பிரிகிற இடத்தில் ரத்தம் சுழன்று தடுமாறும். அங்கே செல்கள் திசையில்லாமல் கிடக்கும், வாயுவும் குறைவு. கொழுப்பு முதலில் தேங்குவது அந்தக் கிளைகளில்தான். ரத்தத்தில் எல்டிஎல் எங்கும் ஒரே அளவில் ஓடினாலும் அடைப்பு ஏன் குறிப்பிட்ட இடங்களில் மட்டும் வருகிறது என்பதற்கு விடை இதில் இருக்கிறது.

பையன் தெருவில் ஓடிப்பிடித்து விளையாடும்போது அவன் தமனிகளில் நடப்பது இந்த உராய்வுதான். வேர்வை வர ஓடிய ஒவ்வொரு தடவையும் அந்த அடுக்குக்கு வேலை கிடைக்கிறது.

இதை அளக்கவும் முடியும், ஊசிகூட வேண்டாம். ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையைக் கையில் கட்டி, காற்றடித்து ரத்தத்தை ஐந்து நிமிடம் நிறுத்தி வைப்பார்கள். விட்டதும் ரத்தம் பாய்ந்து வரும். அந்தப் பாய்ச்சலுக்குத் தமனி எவ்வளவு விரிகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். எண்டோதீலியம் நலமாக இருந்தால் நன்றாக விரியும். 1992இல் குழந்தைகளிடமும் இப்படிப் பார்த்தபோது, பிறவியிலேயே மிகுந்த கொலஸ்ட்ரால் உள்ள பிள்ளைகளின் தமனி சரியாக விரியவில்லை. 1996இல் வந்த இன்னொரு ஆய்வு, அடுத்தவர் விடும் புகையைக் குறைந்தது 3 ஆண்டுகள், தினமும் ஒரு மணி நேரமாவது சுவாசித்த இளைஞர்களைப் பார்த்தது. அவர்கள் யாரும் புகைப்பவர்கள் அல்லர், ஆனாலும் அந்த விரிவு குறைந்திருந்தது. அப்பா வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பதை நிறுத்துவது பிள்ளையின் இதயத்துக்கான முதல் வேலை. 2015இல் 7 முதல் 10 வயதுச் சிறுமிகளை 3 மணி நேரம் எழாமல் உட்கார வைத்துப் பார்த்தார்கள். கால் தமனியின் விரிவு குறைந்தது. ஒவ்வொரு மணிக்கும் 10 நிமிடம் உடற்பயிற்சி கொடுத்த நாளில் குறையவில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். பின்லாந்தின் துர்க்கு நகரில் 1990 வாக்கில் 1,062 கைக்குழந்தைகளோடு ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிக் குடும்பங்களுக்கு, குழந்தைக்கு 7 மாதம் ஆனதிலிருந்து 20 வயது வரை தொடர்ந்து உணவு ஆலோசனை. கண்டிப்பான பத்தியம் எதுவும் கிடையாது. வீட்டில் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதிவரச் சொல்லி, அதிலேயே மாற்றக்கூடியதைச் சொன்னார்கள்: வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய் என்கிற மாதிரி. கொழுப்பை அறவே நிறுத்தாமல் அதன் வகையை மாற்றினார்கள். அந்தப் பிள்ளைகளின் எல்டிஎல் குறைந்தது, வளர்ச்சியில் எந்தக் குறையும் வரவில்லை. 11 வயதில் பையன்களின் தமனி மற்றவர்களைவிட நன்றாக விரிந்தது. பெண் பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

இப்படி 20 ஆண்டு பொறுத்திருந்து பார்க்கும் ஆய்வுக்கு நிதி கொடுக்க ஓர் அரசுக்கு மனம் வேண்டும். வேலூர் சிஎம்சி 1969 முதல் 1973 வரை பிறந்த குழந்தைகளைப் பெரியவர்களான பிறகும் தொடர்ந்து பார்த்தது நம் ஊரில் நடந்த பெரிய காரியம். மூன்று வருடத்தில் அறிக்கை கேட்கிற திட்டங்களால் அதுபோல இன்னொன்று வராது என்பது என் எண்ணம்.

நம் வீட்டில் என்ன செய்யலாம்? எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்காதீர்கள். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பு எவ்வளவு என்பதை. பாமாயிலில் கிட்டத்தட்டப் பாதி அதுதான். அது மிகுந்தால், எல்டிஎல்லைப் பிடித்து ரத்தத்திலிருந்து அகற்றும் ஏற்பிகள் கல்லீரலில் குறையும். தினசரி சமையலுக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ போதும், சாயங்காலம் பேக்கரி பப்ஸுக்குப் பதில் அவித்த வேர்க்கடலை. பருப்புக்கு ஒரு ஸ்பூன் நெய் விடுவதை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். உப்பைத் திடீரென்று குறைத்தால் பிள்ளை தட்டைத் தள்ளிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் நாக்கு பழகிவிடும், ஆனால் வீடு முழுக்க ஒன்றாகக் குறைக்கணும். பிள்ளைக்குத் தனிச் சமையல் நடக்காது. விளையாட்டுக்கு, 5 முதல் 17 வயது வரை சராசரியாகத் தினம் 60 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெற்றோர் கூட்டத்தில் மார்க்கைக் கேட்கும்போது, பி.டி. பீரியடைக் கணக்குக்கு எடுத்துக்கொள்கிறார்களா என்றும் கேளுங்கள்.

வாசகிக்கு மட்டும் ஒன்று. 48 வயதில் பைபாஸ் என்பது சீக்கிரம். குடும்பத்தில் பிறவிக் கொலஸ்ட்ரால் இருக்கலாம். கிட்டத்தட்ட 250, 300 பேரில் ஒருவருக்கு அது உண்டு, பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதலில் உங்கள் கணவர் ரத்தம் கொடுத்து எல்டிஎல் பார்க்கட்டும். 190க்கு மேல் இருந்தால் டாக்டரிடம் மாமனார் கதையையும் சொல்லி, பையனுக்கும் பார்க்கச் சொல்லுங்கள். 9 வயது அந்தச் சோதனைக்குச் சரியான வயதுதான்.