கான்ட்ராக்ட் ஆளுக்கும் ஈ.எஸ்.ஐ. உண்டு

"நீ இன்னும் நிரந்தரம் ஆகல, ஈ.எஸ்.ஐ. எல்லாம் அப்புறம் பார்க்கலாம்." வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படிச் சொல்லிச் சமாளிக்கிற கம்பெனிகள் நிறைய. சட்டப்படி இதற்கு இடமே இல்லை. 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த, ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில் நிரந்தரம், தற்காலிகம், தினக்கூலி என்ற பிரிவினை கிடையாது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவருக்கு வேலைக்குச் சேர்ந்த அன்றே பதிவு செய்தாக வேண்டும்.

கான்ட்ராக்டர் மூலம் வந்தவர் என்றால்? அவருக்கும் சந்தா கட்டும் பொறுப்பு முதலில் வேலை நடக்கும் கம்பெனிக்குத்தான். கட்டிவிட்டு, கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். அது அவர்கள் கணக்கு.

இந்தச் சந்தாவில் தொழிலாளி பங்கு சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 16,000 ரூபாய் சம்பளத்தில் உங்களிடம் பிடிப்பது 120 ரூபாய், முதலாளி போடுவது 520 ரூபாய். அந்த 520ஐயும் உங்கள் சம்பளத்திலேயே கழிக்கும் கில்லாடிகள் இருக்கிறார்கள். அது சட்ட விரோதம். பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம். இடையில் சம்பளம் 21,000ஐத் தாண்டினாலும் உடனே வெளியே வந்துவிட மாட்டீர்கள். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று ஆறு மாதக் கணக்கு. நடப்புக் கணக்கு முடியும்வரை பிடித்தமும் தொடரும், உரிமையும் தொடரும்.

காய்ச்சல், அறுவை சிகிச்சை என்று படுத்தால் மருத்துவம் உங்களுக்கும் குடும்பத்துக்கும் உண்டு. விடுப்புக்கான பணம் வேறு: சராசரி தினச் சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. ஆனால் அதற்கு முந்தைய ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது சந்தா பதிவாகியிருக்க வேண்டும்.

வேலையில் அடிபட்டால் இந்த நிபந்தனை எதுவும் இல்லை. நேற்றுச் சேர்ந்தவரின் விரல் பிரஸ் மெஷினில் நசுங்கினாலும், குணமாகும்வரை 90 சதவீதம் கிடைக்கும். வேலைக்கு வரும் வழியில் நடந்த விபத்தையும், வேலையோடு அதற்குள்ள தொடர்பு தெரிந்தால், வேலை விபத்தாகவே எடுத்துக்கொள்வார்கள். இப்படி வேலையில் அடிபட்டுத் தொழிலாளி இறந்துபோனால் அதே 90 சதவீத அளவில் குடும்பத்துக்கு மாதா மாதம் உதவித்தொகை வரும்.

இதில் முதலாளிக்கும் ஆதாயம் உண்டு, பலர் அதைக் கவனிப்பதில்லை. ஈ.எஸ்.ஐ.க்குள் வந்த தொழிலாளிக்கு விபத்து நடந்தால் தனியாக இழப்பீடு கொடுக்கும் பாரம் அவர் தலையில் விழாது. அப்படியிருந்தும் விபத்தைப் பதிவு செய்யாமல், தனியார் நர்சிங் ஹோமில் கட்டுப்போட்டு, கையில் கொஞ்சம் பணம் திணித்து அனுப்புகிறார்கள். அந்தப் பணத்தில் திருப்திப்படாதீர்கள். விபத்து அறிக்கை இல்லையென்றால் பின்னாளில் ஊனத்துக்கான உதவித்தொகை கேட்பது பெரிய பாடாகிவிடும்.

முதலாளி சந்தா கட்டவில்லை என்பதற்காக உங்கள் உரிமை போய்விடாது. திட்டத்தை நடத்தும் ஈ.எஸ்.ஐ. கழகம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கலாம். அதற்கு நீங்கள் அங்கே வேலை பார்த்ததற்கான ஆதாரம் வேண்டும். சம்பளச் சீட்டு தராத இடமாக இருந்தால், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்குத் தாள், கேட் பாஸ், வருகை அட்டையின் போட்டோ ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். ஈ.எஸ்.ஐ.யில் உங்களுக்குரிய பதிவு எண்ணான ஐ.பி. நம்பரைக் கேட்டு வாங்கி, ஈ.எஸ்.ஐ. இணையதளத்தில் உங்கள் பெயரில் சந்தா ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால் பக்கத்து ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.