பாறையைப் பிளந்து நுழைந்த கறுப்புக் கல்

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மகளின் ஆங்கிலவழிப் பாடப்புத்தகத்தில், நிலவியல் பாடத்தில் 'இன்ட்ரூஷன்' என்ற சொல் வருகிறதாம். அகராதியைப் புரட்டினால் அத்துமீறி நுழைதல், அழையாமல் வந்து குறுக்கிடுதல் என்று பொருள் போட்டிருக்கிறது. கூடவே இன்டரப்ஷன், இரப்ஷன், இன்வேஷன், ட்ரெஸ்பாஸ் என்று ஒரு பட்டாளம். "திருடனுக்குச் சொல்லும் வார்த்தையைக் கல்லுக்கு ஏன் சொல்கிறார்கள்?" என்பது அவர் கேள்வி.

அருமையான கேள்வி. இதற்கான விடை தருமபுரி, கிருஷ்ணகிரி மலைகளிலேயே இருக்கிறது.

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். லத்தீனில் 'ட்ரூடெரே' என்றால் நெட்டித் தள்ளுவது. உள்ளே தள்ளிக்கொண்டு போனால் இன்ட்ரூட், வெளியே தள்ளினால் எக்ஸ்ட்ரூட். 'ரும்பெரே' என்றால் உடைப்பது. நடுவில் உடைத்தால் இன்டரப்ட், உடைத்துக்கொண்டு வெளியே வந்தால் இரப்ட். இன்வேட் என்பது 'போவது' என்ற வேரிலிருந்தும், ட்ரெஸ்பாஸ் 'தாண்டிப் போவது' என்ற வேரிலிருந்தும் வந்தவை. அகராதி இவற்றை ஒரே வரிசையில் நிறுத்தினாலும், நிலவியலாளர்கள் கறாராகப் பிரித்தே பயன்படுத்துகிறார்கள். பூமிக்கடியில் உருகிய பாறைக்குழம்பு தரைக்கு மேலே வந்துவிட்டால் இரப்ஷன். வெளியே வராமல் வேறொரு பாறையின் உள்ளேயே புகுந்து இறுகிவிட்டால் இன்ட்ரூஷன்.

கிருஷ்ணகிரிப் பக்கம் மலையை வெட்டிய இடங்களில் சாம்பல் நிறத்தில் வரிவரியாக ஒரு கல் தெரியும். அது நைஸ் என்னும் பாறை. வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். அந்த வரிகளை மதிக்காமல், குறுக்கே வெட்டிக்கொண்டு நேராக ஓடும் கறுப்புப் பட்டைகளும் அங்கங்கே உண்டு. அந்தக் கறுப்புக் கல்லின் பெயர் டோலரைட். வியாபாரத்தில் அதைக் 'கறுப்பு கிரானைட்' என்கிறார்கள். ஆனால் அது கிரானைட் வகையே இல்லை. இப்படிச் சுவர்போல் நிற்கும் பட்டைக்கு டைக் என்று பெயர்.

சரி, துளி இடைவெளிகூட இல்லாத பாறைக்குள் ஒரு குழம்பு எப்படி நுழைந்தது? சூட்டில் உருக்கி வழி செய்துகொண்டது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குழம்பின் வெப்பம் 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ்தான். வழிநெடுக உருக்கிக்கொண்டே போவதென்றால், கொஞ்ச தூரத்திலேயே சூடு தீர்ந்து இறுகிவிடும். அது பாறையைப் பிளந்துகொண்டு போகிறது.

கல்லுடைப்பவர்கள் வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு வைத்து, சம்மட்டியால் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆப்பு நிற்பது மேலே. கல் விண்டுகொண்டே போவதோ கீழே, ஆப்பு தொடாத இடத்தில். ஆப்பு இரண்டு பக்கமும் நெட்டுகிற விசையெல்லாம் விரிசலின் நுனியில் போய்க் குவிகிறது. 1921-ல் ஆலன் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கண்ணாடியை வைத்து இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். விரிசல் எவ்வளவு நீளமோ, அதை மேலும் நீட்ட அவ்வளவு குறைந்த அழுத்தம் போதும்.

பாறைக்குழம்பும் அப்படி ஓர் ஆப்புதான், திரவ ஆப்பு. விரிசலின் இரு சுவர்களையும் அது நெட்டுகிறது, நுனி கிழிகிறது, குழம்பு பின்னாலேயே வந்து நிரப்புகிறது. விரிசல் நீண்டுவிட்டதால் அடுத்த கிழிசல் இன்னும் சுலபம்! ஒரு சில மீட்டரே அகலமுள்ள டைக் பல கிலோமீட்டர் ஓடும் ரகசியம் இதுதான். பிளவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதற்கும் விதி இருக்கிறது: பூமியின் இறுக்கம் எந்தத் திசையில் மிகக் குறைவோ, அந்தத் திசையில் விலகிக் கொடுக்கும். அதனால் ஒரே காலத்து டைக்குகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று இணையாகவே கிடக்கும். அவற்றின் திசையை அளந்தால், அந்தக் காலத்தில் நம் நிலம் எந்தப் பக்கமாக இழுபட்டது என்று சொல்லிவிடலாம். எனக்கு நிலவியலில் இதைவிடப் பிடித்த விஷயம் கிடையாது.

இது நடக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஐஸ்லாந்தில் 2023 நவம்பர் 10-ம் தேதி, கிரிண்டாவிக் என்ற ஊருக்கு அடியில் சுமார் 15 கிலோமீட்டர் நீள டைக் ஒன்று சில மணி நேரத்தில் உருவானது. ஊரையே காலி செய்தார்கள்.

நுழைந்தது சூடான குழம்புதான் என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. டைக்கின் ஓரத்தில் ஒரு சில்லு எடுத்துப் பாருங்கள். கன்னங்கரேலென்று, மாவுபோல் நுண்ணிய மணிகளாக இருக்கும், படிகம் கண்ணுக்குத் தெரியாது. நடுவிலிருந்து எடுத்த சில்லில் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் வெளிறிய கீற்றுக் கீற்றாக மினுங்கும். ஓரம் குளிர்ந்த பாறையைத் தொட்டதும் சட்டென்று இறுகிவிட்டது. நடுப்பகுதிக்குப் படிகம் வளர அவகாசம் கிடைத்தது. அகலம் பத்து மடங்கானால் இறுகும் நேரம் நூறு மடங்காகும். ஒரு மீட்டர் டைக்குக்குச் சில நாட்கள் போதும். பத்து மீட்டருக்கு ஏறக்குறைய ஓராண்டு ஆகும்.

குவாரிக்காரர்களுக்கு அந்த ஓரக்கல் கழிவு. பளபளப்பாக்கி விற்க நடுக்கல்தான் வேண்டும். குவாரி உரிமம் தரும்போதே, ஓரத்திலிருந்து நடுவரை மாதிரிக் கற்களைப் பக்கத்து அரசுக் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்க்கலாம். அந்தக் கற்களின் வயதைக் கணிக்கும் கருவிகளுக்கும் அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். வெட்டி ஏற்றுமதியான டைக் திரும்பி வராது.

அப்புறம், தண்ணீர் விஷயம். வெடிப்பில்லாத கெட்டியான டைக் நிலத்தடி நீரின் ஓட்டத்தையே மறித்துவிடும். மேட்டுப் பக்கம் நீர் தேங்கும், பள்ளத்துப் பக்கம் கிணறு வற்றும். அதன் ஓரங்கள் நொறுங்கியிருந்தால் அவையே ஊற்றுக்கண்ணாகவும் அமையலாம். நம் பக்கம் போர் போடுவதற்கு முன் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்ப்பவரைத்தான் முதலில் கூப்பிடுகிறோம். லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் போர் போடும் விவசாயியின் பணம் தேங்காய் சாய்வதை நம்பிப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. டோலரைட்டில் காந்தத்தன்மை பொதுவாக நைஸைவிட அதிகம். காந்தமானியோடு நிலத்தை ஒருமுறை நடந்தாலே மண்ணுக்கடியில் மறைந்திருக்கும் டைக் பெரும்பாலும் பிடிபடும். உங்கள் காட்டில் உருண்டை உருண்டையாகக் கறுப்புக் கற்கள் ஒரே கோட்டில் கிடந்தால் அடியில் டைக் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கோட்டை நிலவியலாளரிடம் காட்டுங்கள். மேட்டுப் பக்கம், ஓரத்தை ஒட்டி மின்தடை அளவீடு (மண்ணுக்குள் மின்சாரம் செலுத்தி நீர் இருக்கும் இடத்தைக் கணிப்பது) செய்யச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் போர் வண்டியைக் கூப்பிடுங்கள்.