பாட்டைத்தானே காட்டணும்?

அலுவலகத்தில் லினக்ஸ் லேப்டாப்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, டெவலப்பர் பையன் ஒருவன் முகம் வெளிறிப்போய் என் மேஜைக்கு வந்தான். கேட்கும் பாட்டின் பெயரை, அலுவலக அரட்டை ஆப்பான ஸ்லாக்கில் தன் ஸ்டேட்டஸாகத் தானே போடும் ஒரு ஸ்கிரிப்டை, அதாவது குட்டி நிரலை, அவன் வைத்திருந்தான். அந்த ஸ்டேட்டஸில் ஹெட்போன் படத்துக்குப் பக்கத்தில், ராஜினாமாக் கடிதம் எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் வீடியோவின் தலைப்பு அரை மணி நேரமாக நின்றிருக்கிறது. "என்ன தம்பி, கிளம்பறியா?" என்று மேனேஜர் கேட்டுவிட்டாராம்.

"அண்ணா, அந்த ஸ்கிரிப்ட் பாட்டைத்தானே காட்டணும்? நான் பிரவுசர்லதானே வீடியோ பார்த்தேன்?"

கேட்கும் பாட்டை ஸ்டேட்டஸில் போட்டுக்கொள்ளும் ஆசை புதிதல்ல. எம்எஸ்என் மெசஞ்சர் காலத்திலேயே அந்த வசதி இருந்தது. பிட்ஜின் என்ற அரட்டை மென்பொருளை வைத்திருந்தவர்கள் அதற்கென்றே பிளக்இன் தேடி அலைந்தார்கள், நானும்தான். இன்று இருபது வரி ஸ்கிரிப்ட் போதும். யாரோ எழுதியதை எடுத்து, எமோஜியை மாற்றி, பாடகர் பெயர் முன்னால் வரட்டும் என்று திருத்தி ஓடவிடுகிறோம். அழகுபடுத்துவதில் காட்டும் அக்கறையை, எது வெளியே போகக்கூடாது என்பதில் காட்டுவதில்லை. இவனும் அப்படித்தான்.

லினக்ஸில் பாட்டுப் போடும் மென்பொருள்கள், இப்போது என்ன ஓடுகிறது என்பதை எம்பிரிஸ் என்ற ஒரு பொது வழியில், மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ்ஸில் சொல்லும். கீபோர்டில் இருக்கும் நிறுத்து, அடுத்தது பொத்தான்கள் எல்லா பிளேயரிலும் வேலை செய்வது இதனால்தான். சிக்கல் என்னவென்றால், குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இதே வழியில் பேசுகின்றன. டேபில் ஓடும் வீடியோவின் தலைப்பும் பாட்டின் பெயர் போலவே வந்து நிற்கும். பிளேயர்சிடிஎல் என்ற கட்டளையிடம் எந்தப் பிளேயர் என்று சொல்லாமல் கேட்டால், கையில் கிடைத்ததைக் கொடுக்கும். ராஜினாமா வீடியோவானாலும் சரி, மருத்துவ வீடியோவானாலும் சரி, அதற்கு எல்லாம் ஒன்றுதான். விண்டோஸிலும் பிரவுசர் இப்படித்தான் தகவல் கொடுக்கிறது.

அதனால் செய்யவேண்டிய முதல் திருத்தம், எந்தப் பிளேயரை மட்டும் கேட்கலாம் என்று பெயர் சொல்லி எழுதிவிடுவது. பிரவுசரை மட்டும் விலக்கினால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. நாளைக்கு வேறொரு பிரவுசரையோ வீடியோ பிளேயரையோ நிறுவுவீர்கள், விலக்குப் பட்டியலில் அதைச் சேர்க்க மறந்துவிடுவீர்கள். பிரவுசரிலேயே பாட்டும் கேட்பவரா? பாட்டுக்குத் தனி ஆப் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

அவன் வீடியோவைப் பார்த்தது ஐந்து நிமிடம்தான். அப்புறம் லேப்டாப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறான். லேப்டாப் தூங்கியதும் ஸ்கிரிப்டும் தூங்கிவிட்டது, கடைசியாக எழுதியது அப்படியே நின்றுவிட்டது. ஸ்லாக்கில் ஸ்டேட்டஸை எழுதும்போதே எப்போது காலாவதி ஆகவேண்டும் என்ற நேரத்தையும் சேர்த்து அனுப்பலாம். பூஜ்யம் அனுப்பினால் தானாக அழியாது. அவன் ஸ்கிரிப்டில் பூஜ்யம்தான் இருந்தது. நான் பத்து நிமிடம் வைத்தேன். பாட்டு மாறும்போதெல்லாம் அது புதுப்பிக்கப்படும், நின்றுபோனால் தானே மறையும். இன்னொன்று, எழுதுவதற்கு முன் இப்போது என்ன ஸ்டேட்டஸ் இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். நாம் கையால் போட்ட "லீவில் இருக்கிறேன்" மேல் ஒரு குத்துப்பாட்டு வந்து உட்காரக்கூடாது அல்லவா.

தமிழ்ப் பாட்டுக் கேட்பவர்களுக்கென்றே இரண்டு தொல்லைகள் உண்டு. ஸ்ட்ரீமிங் ஆப்களில் பாட்டின் தலைப்போடு எந்தப் படம் என்பதும் அடைப்புக்குறிக்குள், இரட்டை மேற்கோள் போட்டு வரும். ஸ்லாக்குக்குத் தகவல் போகும் வடிவமான ஜேசனை ஸ்கிரிப்ட் கையால் ஒட்டித் தைத்திருந்தால் அந்த மேற்கோளிலேயே உடைந்துவிடும். உடைந்தால் கூடப் பரவாயில்லை. தலைப்பை அப்படியே, கணினி ஓட்டும் ஷெல் கட்டளைக்குள் ஒட்டும் ஸ்கிரிப்டுகளும் இருக்கின்றன. பாட்டின் தலைப்பு என்பது வெளியாள் எழுதிய எழுத்து. கோப்பின் பெயரிலோ, அதற்குள் பாட்டின் விவரம் இருக்கும் டேகிலோ ஒருவர் கட்டளையை எழுதிவைத்தால் உங்கள் கணினி அதை ஓட்டிவிடும். ஜேகியூ போன்ற கருவியிடம் ஜேசனைக் கட்டும் வேலையைக் கொடுத்துவிடுவது நல்லது.

இரண்டாவது, நீளம். ஸ்லாக் ஸ்டேட்டஸுக்கு 100 எழுத்துதான். நீளத்தை பைட் கணக்கில் வெட்டினால் தமிழ் படாதபாடு படும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் "க" 3 பைட், "கொ" 6 பைட். நடுவில் வெட்டினால் கடைசியில் கேள்விக்குறிக் கட்டம் வரும். பைத்தான் நிரலில் சரத்தை, அதாவது எழுத்துத் தொடரை, வெட்டினால் கட்டம் வராது, ஆனால் புள்ளி மட்டும் கழன்று "காதல்" "காதல" ஆகிவிடும். எழுத்தும் அதன் புள்ளியும் கொம்பும் பிரியாமல், எழுத்துக் கொத்தாகப் பிரித்து வெட்டவேண்டும்.

கடைசியாக அவனுடைய டோக்கனை, அதாவது ஸ்கிரிப்ட் ஸ்லாக்குக்குள் நுழையப் பயன்படுத்தும் ரகசியச் சாவியைப் பார்த்தேன். ஸ்கிரிப்டின் மூன்றாவது வரியிலேயே பளிச்சென்று இருந்தது. ஸ்டேட்டஸைப் பார்க்கும், மாற்றும் உரிமை மட்டும் போதும் என்கிற இடத்தில், செய்திகளைப் படிக்கும் உரிமையும் சேர்ந்தே இருந்தது. போதாக்குறைக்கு அதை, இணையம் வழியாகத் தகவல் அனுப்பும் கர்ல் கட்டளையின் வரியிலேயே வைத்து அனுப்புகிறான். பலர் பயன்படுத்தும் கணினியில் யார் வேண்டுமானாலும் ஓடும் கட்டளைகளின் பட்டியலில் அதைப் பார்த்துவிடலாம்.

"இதை எங்கேயாவது ஏத்தியிருக்கியா?"

"கிட்ஹப்ல இருந்துச்சு அண்ணா. அந்த வரியை அன்னிக்கே அழிச்சிட்டேன்."

நிரல்களைச் சேமிக்கும் கிட்ஹப்பில், அழித்த வரி பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிப்பில், அப்படியே இருக்கும். அவன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த டோக்கனை ரத்து செய்யவைத்தேன். ஸ்டேட்டஸ் உரிமை மட்டும் கொடுத்துப் புதிதாக ஒன்று எடுத்து, அவன் மட்டும் படிக்கக்கூடிய தனிக் கோப்பில் வைத்தோம். ராஜினாமாவைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.